பதிவேடும் வன்கொடுமையும்: மதுரை வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் அரசு ஆவணமான வரலாறு (1911–2024)

ஆய்வுச்சுருக்கம்

'வெறுப்புக் குற்றம்' என்ற பெயரில் இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆயினும் பிறப்பின் காரணமாக ஒருவர்மீது இழைக்கப்படும் வன்முறையைத் தனி வகையாகக் கண்டு பதிவுசெய்யும் ஏற்பாடு 1955 முதல் படிப்படியாக உருவாகி வந்துள்ளது. அந்த ஏற்பாடு எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்பதை மதுரை வட்டார நிகழ்வுகளின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. குற்றப் பரம்பரையினர் சட்டக் காலப் பதிவேடுகள், மேலவளவுப் படுகொலை (1997), பாப்பாபட்டி முதலான ஊராட்சிகளில் தேர்தல் தடைப்பட்டமை (1996–2006), உத்தப்புரம் சுவர் (1989–2008) ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒரு குற்றத்தை எந்தப் பதிவேட்டில், எந்தச் சொல்லால் எழுதுவது என்னும் முடிவே அரசின் முதல் எதிர்வினை என்பதும், பின்னர் நிகழும் விசாரணை, நிவாரணம், தண்டனை ஆகியவை அம்முடிவுக்குக் கட்டுப்பட்டே அமைகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வன்கொடுமை, வெறுப்புக் குற்றம், முதல் தகவல் அறிக்கை, குற்றப் பரம்பரையினர் சட்டம், மேலவளவு, பாப்பாபட்டி, உத்தப்புரம்

முன்னுரை

குற்றம் நிகழ்வது ஓரிடத்தில். அது குற்றமாக ஏற்கப்படுவது மற்றோரிடத்தில். ஊரில் நடந்த ஒன்று காவல் நிலையத்தில் எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டு, ஆண்டறிக்கையில் ஓர் எண்ணாக மாறும் வரை பல கைகளைக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் சில கூறுகள் எஞ்சுகின்றன, சில உதிர்கின்றன. சாதியின் பெயரால் நிகழும் வன்முறையில் பெரும்பாலும் உதிர்ந்துபோவது அதன் காரணமே. கொலை கொலையாகவும் தீவைப்பு தீவைப்பாகவும் எழுதப்படுகின்றன. ஏன் அந்த வீடு, ஏன் அந்த ஆள் என்ற வினாவுக்குப் பதிவேட்டில் கட்டம் இருப்பதில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்கு மதுரை வட்டாரம் பொருத்தமான களமாகும். நகரின் மேற்கில் வைகைக் கரையை ஒட்டிய ஆரப்பாளையம், உசிலம்பட்டி, தேனி ஆகிய மேற்குப் பகுதிகளுக்குச் செல்லும் பேருந்துகள் புறப்படும் இடம். அம்மேற்குப் பகுதியில்தான் பெருங்காமநல்லூர், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, உத்தப்புரம் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. நகருக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் மேலவளவு உள்ளது. ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய இச்சிறு நிலப்பரப்பில், அரசு மக்களைப் பதிவுசெய்த முறையும் மக்கள்மீதான குற்றங்களைப் பதிவுசெய்த முறையும் ஒரு நூற்றாண்டுக் கால அளவில் ஒப்பிட்டுக் காண இயலும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக அண்மை ஆண்டுகளில் வெளிவந்த வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள கிராமங்களின் பட்டியல்களில் மதுரை மாவட்டம் முன்வரிசையில் இடம்பெற்றிருப்பதும் கருதத்தக்கது. அப்பட்டியல் வன்முறையின் மிகுதியைக் காட்டுகிறதா, பதிவின் மிகுதியைக் காட்டுகிறதா என்ற ஐயம் இவ்வாய்வின் பின்புலமாக அமைகிறது.

1. பிறப்பைக் குற்றமாகப் பதிந்த காலம்

மதுரை வட்டாரத்தில் பிறப்பையும் குற்றத்தையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தெழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது ஆங்கிலேய அரசே. 1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911-இல் திருத்தி அமைக்கப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன் எல்லைக்குள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மதுரையைச் சுற்றியிருந்த பிரமலைக் கள்ளர் ஊர்கள் அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். வயதுவந்த ஆண்களின் ரேகை எடுக்கப்பட்டது. இரவில் குறித்த இடத்தில் வந்து தங்க வேண்டும் என்றும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு பெற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. குறித்த நபர் குற்றம் செய்தாரா என்ற வினாவே அங்கு எழவில்லை. எந்தக் குடியில் பிறந்தார் என்பதே பதிவுக்குப் போதுமானதாக இருந்தது.

இதனை எதிர்த்தே 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்துத் திரண்டனர். காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. 1952-இல் நாடு முழுவதும் விலக்கப்பட்டது.

இவ்வரலாறு இரு வகையில் இக்கட்டுரைக்கு உரியது. ஒன்று, கிராமத்தின் ஒவ்வொரு ஆணையும் பெயர், ரேகை, இரவுத் தங்கல் வரை பதிவுசெய்யும் ஆற்றல் அரசுக்கு இருந்தது என்பதை இது மெய்ப்பிக்கிறது. பிற்காலத்தில் அதே பகுதியில் வன்கொடுமைகள் முழுமையாகப் பதிவாகாமைக்கு நிர்வாக ஆற்றல் இன்மை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. மற்றொன்று, காலனியப் பதிவேடு செயலை விடுத்துப் பிறப்பை எழுதியது. விடுதலைக்குப் பிந்தைய குற்றப் பதிவேடு நெடுங்காலம் பிறப்பை விடுத்துச் செயலை மட்டும் எழுதியது. முன்னது குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கியது. பின்னது குற்றத்தின் காரணத்தை மறைத்தது. ஒருகாலத்தில் பதிவேட்டால் ஒடுக்கப்பட்ட வட்டாரத்தில், பிற்காலத்தில் பட்டியல் சாதியினர் பதிவேட்டில் இடம்பெறாமையால் ஒடுக்கப்பட்டனர்.

2. தீண்டாமையிலிருந்து வன்கொடுமை வரை

அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதனை நடைமுறைப்படுத்த 1955-இல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. கோயில், கிணறு, கடை, பாதை ஆகியவற்றில் மறுக்கப்படும் உரிமைகளை அச்சட்டம் கண்டது. ஆனால், உரிமை கேட்டதற்காகக் கொல்லப்படுவதையும் வீடுகள் கொளுத்தப்படுவதையும் தனி வகைக் குற்றமாகக் காணவில்லை. அவை பொதுவான தண்டனைச் சட்டத்திற்கே விடப்பட்டன.

இவ்விடைவெளியின் பொருளை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வு உணர்த்துகிறது. கொல்லப்பட்டோர் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையம் தஞ்சைப் பகுதியின் வேளாண் கூலிச் சிக்கலை ஆராய்ந்தது. கூலிப் பிணக்கு உண்மையே; ஆயினும் அதுவே முழு விளக்கமாக ஆனபோது, சாதி ஆவணத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளரைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது.

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் 1989-இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 1995-இல் வெளியாயின. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும், குற்றம் இழைத்தவர் அவ்வகுப்புகளைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பதே இச்சட்டத்தின் அடித்தளம். பட்டியலிடப்பட்ட பல குற்றங்களுக்கு வெறுப்பைத் தனியே மெய்ப்பிக்க வேண்டிய தேவையில்லை. இருவரின் சமூக அடையாளமும் செயலின் தன்மையும் போதும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியர் 4-ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்படலாம். முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள பகுதிகளை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்பதும் விதிகளில் உள்ளது. ஏட்டளவில் இது நிகழ்ந்த குற்றத்தைத் தண்டிப்பதோடு நில்லாமல், நிகழவிருக்கும் குற்றத்தைத் தடுக்கவும் முனையும் சட்டமாகும்.

மதுரை வட்டாரப் பேச்சு வழக்கில் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வழக்கும் இன்றுவரை 'பி.சி.ஆர். கேஸ்' என்றே வழங்குவது குறிப்பிடத்தக்கது. கொலையையும் தீவைப்பையும் தண்டிக்கும் சட்டம், உரிமை மறுப்பைத் தண்டித்த பழைய சட்டத்தின் பெயராலேயே அறியப்படுகிறது.

3. மேலவளவு: சிதறிக் கிடந்த பதிவுகள்

73-ஆம் அரசமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு அளித்தன. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திக் காண்பது தேவையாகிறது.

முதலில் வேட்புமனு தாக்கல் செய்தோர் மிரட்டலால் விலகினர். தலித் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின. மீண்டும் அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டதால் நின்றது. இறுதியில் 1996 டிசம்பர் 31 அன்று பலத்த காவலுடன் தேர்தல் நடைபெற்று, முருகேசன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தல் முடிந்தபின்னரும் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து இயல்பாகப் பணியாற்றும் நிலை அவருக்கு வாய்க்கவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு தொடர்பாக மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், மேலவளவு அருகே அவரும் ஊராட்சித் துணைத் தலைவர் உள்ளிட்ட ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

இவ்வரிசையில் உள்ள ஒவ்வொரு நிகழ்வும் வெவ்வேறு துறையின் எல்லைக்குள் அடங்குவதைக் காணலாம். வேட்புமனு விலகல் தேர்தல் அதிகாரியின் கோப்புக்கு உரியது. குடிசை எரிப்பு காவல் நிலையத்திற்கும், அதற்கான இழப்பீடு வருவாய்த் துறைக்கும் உரியவை. வாக்குப்பெட்டி பறிப்பு தேர்தல் குற்றம். தலைவர் பணியாற்ற இயலாமை ஊரக வளர்ச்சித் துறையின் நிர்வாகச் சிக்கல். ஒரே சமூகத்தின்மீது, ஒரே காரணத்திற்காக, ஒன்பது மாதங்களுக்குள் கூடிக்கொண்டே சென்ற இவ்வன்முறையை ஒரே கோப்பில் சேர்த்து நோக்கும் கடமை எந்த அலுவலருக்கும் நடைமுறையில் இல்லை. தடுப்பு நடவடிக்கைக்கான பிரிவு 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தும், அதனை இயக்கத் தேவையான தொகுப்புப் பதிவு இல்லை. ஆறு பேர் இறந்த பின்னரே முன்நிகழ்ந்தவை அனைத்தும் ஒரே கதையாக வாசிக்கப்பட்டன.

சட்டத்தின் சொற்களிலும் குறை இருந்தது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினரை வாக்களிக்க விடாமல் தடுப்பதையும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறு வற்புறுத்துவதையும் குற்றமாகக் கண்டது. வேட்புமனு தாக்கல் செய்ய விடாமல் தடுப்பதும், தாக்கல் செய்த மனுவைத் திரும்பப் பெறுமாறு மிரட்டுவதும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரைப் பணியாற்ற விடாமல் இடையூறு செய்வதும் அதில் பெயர் குறித்துச் சொல்லப்படவில்லை. இவை 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே தனிக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தன. தலித் ஒருவர் வாக்காளராக மட்டுமே இருப்பார் என்ற முன்முடிவு பழைய பட்டியலில் உறைந்திருந்தது. அவர் வேட்பாளராகவும் தலைவராகவும் ஆகும்போது எழும் வெறுப்பைப் பெயரிட்டு எழுத, மேலவளவுக்குப் பின் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின.

வழக்கின் பிந்தைய போக்கும் இங்கு நோக்கத்தக்கது. குற்றம் சாட்டப்பட்ட 40 பேரில் 17 பேருக்குச் சேலம் அமர்வு நீதிமன்றம் 2001-இல் ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2006-இலும் உச்ச நீதிமன்றம் 2009-இலும் அதனை உறுதிசெய்தன. தண்டனை பெற்றோரில் மூவர் அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-இலும், 13 பேர் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019-இலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். தண்டனைக் குறைப்பு கைதியின் சிறைப் பதிவை அடிப்படையாகக் கொண்டது. ஊராட்சி என்னும் அமைப்பின் மீதே தொடுக்கப்பட்ட தாக்குதல் என்ற கூறு அச்சிறைப் பதிவில் இடம்பெறுவதில்லை. விடுதலைக்கு எதிராக எழுந்த கண்டனங்கள் சுட்டியது இவ்விடுபாட்டையே ஆகும்.

4. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்: வெற்றிடம் என்னும் பதிவு

மேலவளவில் இரத்தம் சிந்தியதால் ஆவணம் உண்டாயிற்று. உசிலம்பட்டிப் பகுதியில் அதே ஒதுக்கீட்டுக்கு எழுந்த எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகளும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதாகும். அடுத்த பத்தாண்டுகளில் பலமுறை தேர்தல் அறிவிக்கப்பட்டும், வேட்புமனு எவரும் தாக்கல் செய்யாமலும், தாக்கல் செய்து வென்றவர் பதவியேற்ற கையோடு விலகியும் தலைவர் நாற்காலி வெறுமையாகவே நீடித்தது.

அரசு ஆவணத்தில் இது எவ்வாறு எழுதப்படும் என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா. 'வேட்புமனு ஏதும் பெறப்படவில்லை' என்பது தேர்தல் அலுவலரின் குறிப்பு. 'சொந்தக் காரணங்களுக்காக விலகல்' என்பது விலகல் கடிதங்களுக்குரிய வழக்கமான வாய்பாடு. இரண்டும் சட்டப்படி குறையற்ற பதிவுகள். இரண்டிலும் குற்றம் இல்லை, குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. நிலமும் வேலையும் பிறரைச் சார்ந்திருக்கும் ஊரில் ஒருவர் மனுத்தாக்கல் செய்யாமல் இருப்பதற்கு வெளிப்படையான மிரட்டல்கூடத் தேவையில்லை. ஊரின் விருப்பம் இன்னது என்று அறிவதே போதும். இந்நிலையில் வெறுப்பின் வெற்றி முழுமையானது. அதனாலேயே அது பதிவேட்டில் படியாதது.

2006 அக்டோபரில் நிலை மாறியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர்மக்களோடு தொடர்ந்து நடத்திய பேச்சுகளும், அரசியல் கட்சிகளும் தலித் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கில் அளித்த அழுத்தமும் சேர்ந்து, தேர்தல் நடைபெற்றுத் தலைவர்கள் பொறுப்பேற்றனர். மாநில அரசு அதனைச் சமத்துவப் பெருவிழாவாகக் கொண்டாடியது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பங்கேற்றதும் அந்நினைவின் தொடர்ச்சியே. இம்மாற்றம் பாராட்டுக்குரியது என்பதில் ஐயமில்லை. எனினும், இணக்கம் கொண்டாடப்பட்ட அளவுக்கு, அதற்கு முந்தைய பத்தாண்டு உரிமை மறுப்பு ஒரு குற்றமாக எண்ணப்படவில்லை. குற்றப் புள்ளிவிவரத்தில் அப்பத்தாண்டு அமைதிக் காலமாகவே காட்சியளிக்கக்கூடும்.

5. உத்தப்புரம்: உடன்படிக்கை என்னும் பதிவு

எழுமலை அருகே உள்ள உத்தப்புரத்தில் 1989-ஆம் ஆண்டு மோதல்களுக்குப் பின்னர் இரு தரப்பாரும் கையொப்பமிட்ட எழுத்து உடன்படிக்கை ஒன்று உருவானது. தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவருக்கு அவ்வுடன்படிக்கையே சான்றாகக் காட்டப்பட்டது. தலித் மக்கள் பொதுப்பாதையை அடையச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2008-இல் சுவரின்மீது மின்கம்பி பொருத்தப்பட்டிருந்த செய்தி வெளியானபோதுதான் தமிழகம் முழுவதும் அச்சுவரை அறிந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை ஏற்படுத்தியது.

பொதுவழியைப் பயன்படுத்தும் உரிமையை மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் குற்றமே. ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஒரு சுவர் கண்கூடாக நின்றமைக்குச் சட்டத்தில் சொல் இல்லாமை காரணமன்று. உடன்படிக்கை என்ற வேறொரு ஆவணம் குற்றப் பதிவின் இடத்தை எடுத்துக்கொண்டதே காரணம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் முன்னிலையில் கூட்டப்படும் சமாதானக் கூட்டம் தமிழக நிர்வாகத்தில் நன்கு வேரூன்றிய நடைமுறை. அது பல நேரங்களில் உயிரிழப்பைத் தடுத்துள்ளது. ஆனால் அக்கூட்டத்தின் மொழியில் 'இரு தரப்பினர்' மட்டுமே உண்டு. இழைத்தவர், இழைக்கப்பட்டவர் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. சமமற்ற இருவரைச் சமமாக எழுதும் ஆவணம், அச்சமமின்மைக்கே கையொப்பம் பெற்றுத் தருகிறது.

2011 அக்டோபரில் உத்தப்புரத்தில் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டு, அடுத்த மாதம் தலித் மக்கள் அவ்வூர்க் கோயிலில் வழிபட்டனர். முதல் உடன்படிக்கை பிரிவினையை ஆவணப்படுத்தியது. இரண்டாவது நுழைவை ஆவணப்படுத்தியது. ஆகவே சமாதானக் கூட்டம் தன்னளவில் தீயதோ நல்லதோ அன்று. சட்டம் வழங்கும் உரிமையை அடித்தளமாகக் கொண்டு பேசப்பட்டதா, அவ்வுரிமையையே பேரப் பொருளாக்கிப் பேசப்பட்டதா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோல்.

6. காவல் நிலையத்திலிருந்து தேசியக் கணக்கு வரை

மேற்கண்ட மூன்றும் பெயர் பெற்ற நிகழ்வுகள். பெயர் பெறாத அன்றாட வன்கொடுமைகள் கடக்கும் வழியைக் காண்பது அடுத்த தேவை. தமிழகக் காவல் நிலையங்களில் புகார் மனு முதலில் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏறி, மனுதாரருக்கு 'சி.எஸ்.ஆர்.' ரசீது வழங்கப்படுவது வழக்கம். முதல் தகவல் அறிக்கை அதன் பின்னரே பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். புலன்கொள் குற்றம் வெளிப்படும் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது முதல் தகவல் அறிக்கைகளையே. ரசீதோடு நின்றுபோன புகார் நாட்டின் கணக்கில் நிகழாத ஒன்றாகிறது.

முதல் தகவல் அறிக்கை பதிவானாலும் எப்பிரிவில் பதிவாகிறது என்ற சிக்கல் எஞ்சுகிறது. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் இரயில் பாதையில் சடலமாகக் கிடைத்த கோகுல்ராஜின் மரணம் முதலில் சந்தேக மரணமாகவே பதிவானது. பின்னர்க் கொலையாகவும் வன்கொடுமையாகவும் மாற்றப்பட்ட அவ்வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. முதற்பதிவு அப்படியே நின்றிருப்பின், தீர்ப்புக்கு இடமே இருந்திருக்காது.

பதிவின் சொல் பணமாகவும் மாறுகிறது. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி வன்கொடுமையின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை நிவாரணம் உண்டு. அது முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எனப் பகுதி பகுதியாக வழங்கப்படும். பிரிவு விடுபட்டால் நிவாரணமும் விடுபடும். மறுபுறம், நிவாரணத்திற்காகவே புகார் கொடுக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டுக்கும் இவ்விணைப்பே இடமளிக்கிறது. 2018 மார்ச்சில் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், முறைகேட்டைத் தடுக்கும் பொருட்டு வழக்குப் பதிவுக்கு முன் முதல்நிலை விசாரணை தேவைப்படலாம் என்றது. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18அ பிரிவைச் சேர்த்து அதனை மாற்றியது. 2020-இல் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பானது. நாடு முழுவதும் போராட்டத்தை எழுப்பிய இவ்விவாதத்தின் மையம், பதிவுக்கு முன் ஐயுறுவதா, பதிந்தபின் ஆராய்வதா என்பதே.

நீதிமன்றத்தில் காரணத்தை மெய்ப்பிப்பது இறுதித் தடை. கடுங்குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் இழைக்கப்பட்டிருக்க வேண்டும் எனக் கோரியது. தினேஷ் என்கிற புத்தா வழக்கில் (2006) அக்காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று இப்பிரிவு விலக்கப்பட்டது. 2015 திருத்தம் இதனைப் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என 'அறிந்து' செய்தாலே போதும் என மாற்றியது. குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ அறிமுகமாயின், சாதியை அறிந்திருந்தார் என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்ற அனுமானமும் சேர்க்கப்பட்டது. ஒருவர் சாதியை மற்றவர் அறியாத கிராமம் மதுரை வட்டாரத்தில் அரிது என்பதால், இம்மாற்றத்தின் பயன் இங்கு மிகுதி. பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021), சாதி ஒன்று மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று பழைய சொற்களுக்குப் பொருள் கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் போதிய சான்று இன்மையால் அவ்வழக்கிலும் இப்பிரிவின்கீழ் விதித்த தண்டனை நீக்கப்பட்டது. விசாரணை அதிகாரி தொடக்கத்திலேயே எழுதாத காரணத்தை இறுதியில் நீதிபதி எழுத இயலாது.

இத்தனை வடிகட்டலையும் கடந்து வருவதே தேசியக் கணக்கு. பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக 2020-இல் 50,291, 2021-இல் 50,900, 2022-இல் 57,582 வழக்குகள் பதிவாயின. இவ்வுயர்வை வன்முறையின் உயர்வாக மட்டும் வாசித்தல் பொருந்தாது; துணிந்து புகாரளிப்பதும், மறுக்காமல் பதிவதும் எண்ணை உயர்த்தும். ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இருப்பின் கடுமையான ஒன்றையே எண்ணும் விதியால் எண் குறைவதும் உண்டு. சாதி வன்கொடுமைக்கு இவ்வளவேனும் கணக்கு உள்ளது. சமயம், இனம், மொழி ஆகியவற்றின் பெயரால் நிகழும் வன்முறைக்கு அதுவும் இல்லை. கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம் ஆகியவை பற்றித் திரட்டிய விவரங்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்று கூறி, 2019-இல் தாமதமாக வெளிவந்த 2017-ஆம் ஆண்டு அறிக்கையில் அவை சேர்க்கப்படவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி அல்லது சமூகம், பால், பிறப்பிடம், மொழி, சொந்த நம்பிக்கை முதலியவற்றின் அடிப்படையில் செய்யும் கொலையைத் தனியே குறிக்கிறது. காரணத்தைக் கொலையின் இலக்கணத்திற்குள்ளேயே வைத்த இம்மாற்றம் புதியது. அதன் பயன் இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும்.

7. பிற நாட்டு அனுபவம்

இலண்டனில் 1993-இல் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொல்லப்பட்ட வழக்கில் காவல்துறையின் தவறுகளை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை (1999), பாதிக்கப்பட்டவரோ வேறெவருமோ இனவெறி நிகழ்வு எனக் கருதினால் அதனை அவ்வாறே பதிய வேண்டும் என்ற வரையறையை முன்வைத்தது. பதிவுக்குக் கருத்து போதும், தண்டனைக்குச் சான்று வேண்டும் என்று இரண்டு கட்டங்களையும் அது பிரித்தது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரங்களைத் திரட்டப் பணித்தது. ஆனால் உள்ளூர்க் காவல் அமைப்புகள் விவரம் அனுப்புவது விருப்பத்தைப் பொறுத்ததாகவே நீடித்ததால், எண் குறைந்த ஊர் அமைதியான ஊரா, அறிக்கை அனுப்பாத ஊரா என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

இந்திய முறை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கு உணர்வைவிடச் சமூக அடையாளமே பதிவின் திறவுகோல். வரலாற்று ஒடுக்குமுறையைக் கணக்கில் கொண்டு, ஒரு திசையில் மட்டும் செயல்படும் சட்டம் இது. ஒரு தனிமனிதரின் உள்ளத்து வெறுப்பைத் தேடுவதைவிட, ஊரின் அமைப்பில் படிந்த மேல்கீழைக் காண முற்படுவது இதன் வலிமை. பதிவின் வாயிலிலேயே மெய்ப்பிப்பை எதிர்பார்க்கும் நடைமுறை அவ்வலிமையைக் குறைக்கிறது. மெக்பர்சன் அறிக்கை செய்த பிரிப்பு இந்தியச் சூழலுக்குப் பொருந்துவது இவ்விடத்தில்தான்.

முடிவுரை

மதுரை வட்டார நிகழ்வுகள் பதிவின் மூன்று குறைகளைத் தெளிவாக்குகின்றன. மேலவளவில் பதிவுகள் இருந்தன. அவை ஒன்று சேரவில்லை. பாப்பாபட்டி முதலிய ஊராட்சிகளில் பதிவுகள் முறையாக இருந்தன. அவற்றில் குற்றம் தென்படவில்லை. உத்தப்புரத்தில் குற்றம் கண்ணெதிரே இருந்தது; உடன்படிக்கை என்னும் பிறிதோர் ஆவணம் அதனை மூடியது. இவற்றுள் முதல் இரண்டுக்கும் 2015 திருத்தம் சொற்களை வழங்கியுள்ளது. அச்சொற்களைப் பயன்படுத்தும் நிர்வாக வழக்கம் இன்னும் உருவாக வேண்டியுள்ளது.

அதற்கு மூன்று வழிகள் உடனடியாகக் கருதத்தக்கன. ஓர் ஊராட்சி சார்ந்த தேர்தல், வருவாய், காவல் பதிவுகளை மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒரே தொகுப்பாகப் பார்வையிட வேண்டும். பட்டியல் சாதியினர் அளித்த புகார்களில் 'சி.எஸ்.ஆர்.' ரசீதோடு முடிந்தவற்றின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். சமாதானக் கூட்ட உடன்படிக்கை ஒவ்வொன்றும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறதா என்று சட்ட அலுவலரால் ஆராயப்பட வேண்டும். இவை புதிய சட்டம் கோராதவை. உள்ள விதிகளுக்குள்ளேயே இயலக்கூடியவை.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே மண்ணில் அரசின் பதிவேடு மக்கள் அஞ்சும் கருவியாக இருந்தது. பின்னர் அதுவே மக்கள் தம் பெயரும் தமக்கு நேர்ந்ததும் எழுதப்பட வேண்டும் என்று காவல் நிலையத்தின் முன் காத்திருக்கும் ஆவணமாக மாறியது. அக்காத்திருப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது, எழுதும் கை எந்தச் சொல்லைத் தேர்கிறது என்பவற்றைக் காவல் நிலையம்தோறும் ஆராயும் விரிவான களஆய்வுகள் இத்துறையின் அடுத்த தேவையாகும்.